பழைய வார்ப்பிரும்பு சாயில் பைப்பில் புது பி.வி.சி. பைப்பை இணைப்பது எப்படி?

கேள்வி இது: சென்னையில் 1980-களில் கட்டிய அடுக்குமாடி, தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும். இரண்டாவது மாடி வீட்டில் குளியலறையைப் புதுப்பிக்கிறார்கள். இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்கிறார்கள். பின்பக்க ஷாஃப்ட்டில், அதாவது குழாய்கள் இறங்கும் சந்தில், மொட்டைமாடியிலிருந்து கீழே இறங்குவது டாய்லெட் கழிவு போகும் பழைய சி.ஐ. சாயில் பைப். சி.ஐ. என்றால் வார்ப்பிரும்பு. புதிதாகப் போடப்போவது 110 மி.மீ. பி.வி.சி. "சி.ஐ. சாக்கெட்டுக்குள்ளே பி.வி.சி.யை விட்டு, சணல் சுற்றி, சிமெண்ட் அடைத்துவிடலாம், எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்று பிளம்பர் சொல்கிறார். (சாக்கெட் என்பது அடுத்த பைப்பின் முனை நுழையும் அகன்ற வாய்.) செய்யலாமா?

செய்யக் கூடாது. அப்படிச் செய்த இணைப்புகள் ஊரெங்கும் இருப்பது உண்மைதான். அவற்றில் பல கசிகின்றன என்பதும் உண்மை. ஷாஃப்ட்டில் கசிவதால் வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கீழ்வீட்டுக்காரரின் சுவரில் ஈரம் பூத்து, பெயிண்ட் உரிந்து, அவர் மேலே வந்து கதவைத் தட்டும்போதுதான் தெரியவரும்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் சிமெண்ட் ஒட்டாது. சுற்றி இறுகி நிற்குமே தவிர, பிடிப்பு கிடையாது. அதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. பி.வி.சி. வெப்பத்தில் நிறைய நீளும். 3 மீட்டர் பைப் ஒன்று விடியற்காலைக் குளிர்ச்சிக்கும் மே மாத மேற்கு வெயிலுக்கும் இடையில் 30 டிகிரி சூடேறினால், சுமார் 6 மி.மீ. நீளும். அதே நீள வார்ப்பிரும்பு அதே சூட்டில் ஒரு மி.மீ. அளவுக்குத்தான் நீளும். ஆக, ஒவ்வொரு நாளும் ஒன்று நகர்கிறது, இன்னொன்று கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. நடுவில் விறைப்பாக இருக்கும் எதுவும், சிமெண்ட் ஆனாலும் வெள்ளை சிமெண்ட் ஆனாலும் பிசைந்து பூசும் எபாக்சி புட்டி ஆனாலும், சில மாதத்தில் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் தண்ணீருக்குப் போதும். ஆகவே இரண்டு வேறு பொருள்கள் சேரும் இடத்தில் ரப்பர்தான் இருக்க வேண்டும். இந்தப் பதிலில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான்.

அந்தக் காலத்தில் சி.ஐ.யோடு சி.ஐ.யை இணைத்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? சாக்கெட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சணலைத் திணித்து, அதன்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, ஆறியதும் உளி வைத்துத் தட்டி இறுக்கினார்கள். 4 அங்குல பைப்பில் ஒரு இணைப்புக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஈயம் போகும். இரண்டு பக்கமும் இரும்பு, ஒரே அளவில் நீளும், ஈயமும் மெத்தென்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் ஐம்பது வருடம் தாங்கியது. அதையே பி.வி.சி.க்குச் செய்ய முடியாது. ஈயம் உருகுவது 327 டிகிரியில். பி.வி.சி. 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் கட்டடத்தில் ஈயம்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். செலவைக் குறைக்க ஈயத்துக்குப் பதில் சிமெண்டையே அடைத்த கட்டடங்கள் ஏராளம். ஷாஃப்ட்டை எட்டிப் பாருங்கள். சாக்கெட் இடுக்கில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் அந்த இடத்தில் ஈரம் கசிகிறது, உள்ளே வேர் போயிருக்கிறது என்று பொருள்.

இணைப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பழைய பைப் இணைக்கத் தகுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சுத்தியலால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல வார்ப்பிரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். விரிசல் விட்ட இடத்தில் சத்தம் அடைத்தமாதிரி இருக்கும். சுவர்ப் பக்கம் பார்த்திருக்கும் முதுகுதான் முதலில் போகும், ஏனென்றால் நாற்பது வருடமாக அங்கே யாரும் பிரஷ்ஷை விட்டு பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். கைபேசியை உள்ளே நீட்டி அந்த முதுகை வீடியோ எடுத்துப் பாருங்கள். நெட்டுக்கு ஓடும் விரிசல், துருச் செதில், திருப்புளியால் குத்தினால் பொலபொலவென்று உதிரும் இடம் ஆகியவற்றைக் கவனியுங்கள். இரண்டு மூன்று இடங்களில் இப்படி இருந்தால் என் கருத்து தெளிவானது: உங்கள் வீட்டு இணைப்பைத் தள்ளிப்போட்டு, மொட்டைமாடியிலிருந்து கீழே வரை இறங்கும் முழு நிலைக்குழாயையும் மாற்றச் சங்கத்தில் பேசுங்கள். அந்தக் குழாய் எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வெட்டவும் கூடாது, ஒரு வீட்டுக்காரர் தலையிலேயே செலவு விழவும் கூடாது. நொந்துபோன இரும்பில் எவ்வளவு நல்ல கப்ளிங்கை, அதாவது இரண்டு பைப்பைச் சேர்க்கும் உறையை, மாட்டினாலும் அடுத்த விரிசல் அதற்கு ஒரு அடி மேலே வரும்.

பைப் உண்மையில் சி.ஐ.தானா என்பதையும் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். பல பெயிண்ட் பூச்சுகளுக்கு அடியில் ஏ.சி. பைப்பும், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப்பும், பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். காந்தம் ஒட்டாமல், சுரண்டினால் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புபோல் உதிர்ந்தால், அதில் கிரைண்டரை வைக்கவே வைக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து உயிரைக் குடிக்கும் நோய்களைக் கொண்டுவரும். ஏ.சி. பைப் என்றால் வெட்டாமல், இணைப்பிலேயே கழற்றி, நனைத்து, முழுத்துண்டாக இறக்கிவிட்டு, அந்த நீளத்துக்கும் பி.வி.சி. போடுவதே சரி.

சரி, பைப் நன்றாக இருக்கிறது, சி.ஐ.தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அளவு. சி.ஐ. பைப்பை உள்விட்டத்தால் சொல்வார்கள், பி.வி.சி.யை வெளிவிட்டத்தால் சொல்வார்கள். 100 மி.மீ. சி.ஐ. என்றால் உள்ளே 100, சுவர் கனம் சுமார் 5, எனவே வெளியே ஏறத்தாழ 110. பி.வி.சி. 110 என்றால் வெளியே 110. ஆக இரண்டின் வெளிவிட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது நமக்கு நல்ல வசதி. ஆனாலும் அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். துருவையும் பழைய பெயிண்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, தையல் டேப்பால் சுற்றளவை எடுத்து 3.14-ஆல் வகுங்கள். 34.5 செ.மீ. வந்தால் 110 மி.மீ. சரியாக இருக்கிறது. 36 செ.மீ. வந்தால் 115-க்கு அருகில் போகிறது. அப்போது ஒரு பக்கம் பெரிதாக உள்ள கப்ளிங் தேடவேண்டும்.

பி.வி.சி.யில் எதை வாங்குவது என்பதில் ஏமாற இடமுண்டு. சாயில் லைனுக்கு ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள எஸ்.டபிள்யூ.ஆர். (டாய்லெட் கழிவு, அழுக்குத் தண்ணீர், மழைநீருக்கான) பைப், அதிலும் டைப் பி. டைப் ஏ என்பது மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உரிய மெல்லிய பைப். விலை குறைவு என்பதால் அதையே சாயிலுக்கும் போட்டுவிடுகிறார்கள். கப்ளிங்கின் பட்டையை இறுக்கும்போது மெல்லிய சுவர் உள்ளே நசுங்கி, ரப்பர் அழுத்தமாக உட்காராது. ஃபிட்டிங்குகளுக்கு ஐ.எஸ். 14735.

இனி எங்கே இணைப்பது என்ற கேள்வி. உங்கள் வீட்டுக் கிளை நிலைக்குழாயில் சேரும் இடத்தில் சி.ஐ. டீ, அதாவது மூன்று வாய் கொண்ட இணைப்பு, ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு துண்டு சி.ஐ. பைப் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, டாய்லெட்டுக்குக் கீழே உள்ள ட்ராப்பில், அதாவது நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில், முடியும். பிளம்பர் வழக்கமாகச் செய்வது, உள்ளே தரையை உடைத்து, அந்தச் சி.ஐ. துண்டு தலைகாட்டும் இடத்திலேயே பி.வி.சி.யைச் செருகி, சிமெண்ட் அடைத்து, மேலே செங்கல் ஜல்லி கொட்டி, டைல்ஸ் ஒட்டிவிடுவது. கீழ்வீட்டுக் கூரை ஒழுகுவதற்கு முதல் காரணம் இதுதான். குளியலறையின் பள்ளமான ஸ்லாபுக்குள், யாரும் பார்க்க முடியாத இடத்தில், இரண்டு பொருள்கள் சேரும் மூட்டைப் புதைப்பது. அது கசியத் தொடங்கினால் பள்ளம் முழுக்கத் தண்ணீர் தேங்கி, ஸ்லாப் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சரிசெய்ய வேண்டுமானால் போட்ட டைல்ஸ் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் சி.ஐ.யை முழுவதுமாக எடுத்துவிட்டு, சுவருக்கு வெளியே, ஷாஃப்ட்டில், கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இணைப்பு வரவேண்டும்.

வெளியே மூன்று விதமான நிலைமை இருக்கலாம். டீ நன்றாக இருந்து, அதற்கும் சுவருக்கும் நடுவில் நேரான சி.ஐ. துண்டு ஒரு சாண் அளவுக்காவது இருந்தால் வேலை மிக எளிது. அந்தத் துண்டைச் செங்குத்தாக வெட்டி, முனையைத் தேய்த்துச் சமமாக்கி, கப்ளிங்கை மாட்டி, பி.வி.சி.யைத் தொடரலாம். நிலைக்குழாயைத் தொடவே வேண்டாம்.

டீ விரிசல் விட்டிருந்தாலோ, புது டாய்லெட்டின் உயரத்துக்கு ஒத்துவரவில்லை என்றாலோ, நிலைக்குழாயிலேயே அரை மீட்டர் அளவு வெட்டி எடுத்துவிட்டு, அங்கே டோர், அதாவது திறந்து மூடும் மூடி, வைத்த பி.வி.சி. டீயைப் பொருத்தி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கப்ளிங் போடுவது நல்லது. வேலை அதிகம், ஆனால் நான் சொல்வதானால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். டோர் கிடைத்துவிடுகிறது, பிற்காலத்தில் அடைப்பு எடுக்கக் கம்பி விட வழி கிடைக்கிறது, பழைய டீயின் துருப்பிடித்த வயிறும் போய்விடுகிறது.

மூன்றாவது, வெட்டவே இடமில்லாமல் சி.ஐ. சாக்கெட் மட்டும் சுவரை ஒட்டி நிற்பது. இதைப் பிறகு சொல்கிறேன்.

கப்ளிங் என்று நான் சொல்வது, உள்ளே இ.பி.டி.எம். ரப்பர் உறை, அதன்மேல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, இறுக்குவதற்கு ஸ்க்ரூ வைத்த பட்டைகள் கொண்ட ஒன்று. சாக்கெட் இல்லாத புதுவகை சி.ஐ. பைப்புகளை, அதாவது ஹப்லெஸ் பைப்புகளை, இணைக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைப்பது கடினம். ஹப்லெஸ் சி.ஐ. பைப் விற்கும் மொத்தக் கடைகளில் கேளுங்கள், 100 மி.மீ. அளவு. எஃகுத் தகடு இல்லாமல் வெறும் ரப்பர் உறையும் இரண்டு கிளிப்பும் மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். மண்ணுக்குள் அது பரவாயில்லை. தொங்கும் பைப்பில் நாளடைவில் தொய்ந்து, இரண்டு முனையும் விலகி, உள்ளே படி விழுந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியது மேலே உள்ள பைப்பைத் தாங்குவது. இதை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. 100 மி.மீ. சி.ஐ. பைப் மீட்டருக்குச் சுமார் 12 கிலோ. உங்களுக்கு மேலே ஒரு மாடியும் மொட்டைமாடிக்கு மேலே நீளும் துண்டும் சேர்த்து 7 மீட்டர் என்றால் 80, 90 கிலோ இரும்பு தொங்குகிறது. அதைப் பிடித்திருப்பவை நாற்பது வருடத்துக் கிளாம்புகள், சுவருக்குள் இருக்கும் அவற்றின் வால் துருவாகவே மாறியிருக்கும். கீழே வெட்டியதும் அத்தனையும் இறங்கினால், ஷாஃப்ட்டில் நிற்கும் ஆளின் தோளில்தான் விழும். ஆகவே வெட்டும் இடத்துக்கு மேலே உள்ள சாக்கெட்டுக்கு அடியில் புதிதாக ஒரு கனமான எஃகுக் கிளாம்ப் போட்டு, அதை வெறும் பூச்சில் அல்லாமல் செங்கல் அல்லது கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட்டால் முடுக்குங்கள். சாக்கெட்டின் உதடு கிளாம்பில் உட்கார்ந்தால் பைப் நழுவாது. வெட்டுக்குக் கீழேயும் ஒன்று போடுங்கள். இந்தக் கிளாம்ப் பிறகும் அங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் மேலே இருக்கும் இரும்பின் எடை ஒருபோதும் பி.வி.சி.யின் மேல் உட்காரக் கூடாது.

அதேபோல் வேலை செய்பவரைக் கயிற்றில் தொங்கவிடாதீர்கள். இரண்டு மாடி உயரத்தில் ஒரு கையில் கிரைண்டரும் ஒரு கையில் ஜன்னல் கம்பியுமாக நிற்கும் காட்சி இங்கே மிகச் சாதாரணமாகிவிட்டது. சாரம் கட்டுங்கள், பெல்ட் கொடுங்கள், அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

மேல்வீட்டுக்காரருக்கு முதல் நாளே சொல்லி, வேலை நடக்கும் நேரம் அந்த டாய்லெட்டைப் பூட்டிவைக்கச் சொல்லவேண்டும். சொன்னால் மட்டும் போதாது, அவர் வீட்டில் அந்த ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் வால்வையும் மூடி, டேங்கைக் காலி செய்துவிடுவது பாதுகாப்பு. அப்புறம் பைப்பில் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சாக்கடை வாயுவில் மீத்தேன் இருக்கலாம், கிரைண்டரில் தீப்பொறி பறக்கும். கீழே டோர் இருந்தால் அதைத் திறந்து ஈரச் சாக்குச் சுருணையால் அடைத்துவிட்டு, மொட்டைமாடியில் பைப்பின் உச்சியில் காற்று போக வைத்திருக்கும் கவுல் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வெட்டத் தொடங்கலாம். சுருணையில் ஒரு கயிறு கட்டி வெளியே விட்டிருங்கள், இல்லாவிட்டால் அது உள்ளே போய் நீங்களே ஓர் அடைப்பை உண்டாக்கியதாகிவிடும்.

கிரைண்டரில் இரும்பு வெட்டும் வீல், அதை மறைக்கும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றாமல். கண்ணாடி, கையுறை, முகமூடி. முன்பக்கமும் பக்கவாட்டும் எளிதாக வெட்டலாம். சுவரை ஒட்டிய பின்பக்கம் எட்டாது. அங்கேதான் பொறுமை இழந்து சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அந்த விரிசல் நீங்கள் நினைக்கிற இடத்தோடு நிற்காமல் மேலே ஒரு சாக்கெட் வரை ஓடும். பின்பக்கத்தை ஹாக்சா பிளேடால் கையாலேயே அறுக்கச் சொல்லுங்கள், அல்லது சங்கிலியைச் சுற்றி நெருக்கி உடைக்கும் செயின் கட்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். கடைசி வெட்டுக்கு முன் அந்தத் துண்டைக் கயிற்றால் மேலே கட்டிவிடவேண்டும்.

வெட்டியதும் உள்ளே பாருங்கள். 100 மி.மீ. துவாரம் துருவும் காறையும் படிந்து 80 ஆகக்கூடச் சுருங்கியிருக்கலாம். முனையிலிருந்து கை எட்டும் தூரம் வரை சுரண்டி எடுங்கள். ஆசிட் ஊற்றிக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அது இரும்பையும் தின்னும். அதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஷாஃப்ட் போன்ற குறுகிய இடத்தில் அது ஆளைக் கொல்லக்கூடியது.

கப்ளிங்கை மாட்டும் விதம்: எஃகுத் தகட்டைக் கழற்றி சி.ஐ. பைப்பில் மேலே தள்ளிவிட்டு, ரப்பர் உறையை முனையில் செருகி, அதன் மறுபாதியைக் கால்சட்டையை மடித்துவிடுவதுபோல் வெளியே மடித்துவிடுங்கள். கீழ் முனையிலும் அப்படியே. டீயும் அதன் இரண்டு பக்கத் துண்டுகளும் முன்பே தரையில் வைத்து ஒட்டித் தயாராக இருக்கவேண்டும். அதை நடுவில் நிறுத்தி, மடித்த ரப்பரை அதன்மேல் விரித்து, தகட்டைக் கொண்டுவந்து பட்டைகளை இறுக்குங்கள். ரப்பரின் நடுவில் ஒரு விளிம்பு உண்டு, இரண்டு பைப் முனையும் அதில் வந்து முட்டவேண்டும். ஒரு ஸ்க்ரூவை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மாற்றி மாற்றி இறுக்குங்கள். சி.ஐ. முனையில் துருக் குழிகள் இருந்தால் ரப்பர் அதை மூடாது. அந்த அகலத்துக்குத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே மாட்டவேண்டும்.

சாக்கெட் மட்டும் நிற்கும் மூன்றாவது நிலைமைக்கு வருகிறேன். 100 மி.மீ. சி.ஐ. சாக்கெட்டின் உள்விட்டம் 130-க்கு அருகில் இருக்கும், ஆழம் ஆறேழு செ.மீ. அதில் 110 பி.வி.சி.யை விட்டால் சுற்றிலும் ஒரு செ.மீ. அளவு இடைவெளி. முதலில் பழைய ஈயத்தையும் சணலையும் எடுக்கவேண்டும். சூடுகாட்டி உருக்க வேண்டாம், ஈயப் புகை கெடுதல். டிரில்லால் வரிசையாகத் துளைபோட்டு, சிறிய உளியால் நெம்பி எடுத்து, கையை நன்றாகக் கழுவுங்கள். பிறகு அந்த இடைவெளிக்குப் பொருந்தும் ரப்பர் அடாப்டர் கிடைத்தால் அதைப் போடுவதே நல்லது. கிடைக்காவிட்டால் தார் தோய்த்த சணலை இரண்டு மூன்று சுற்றாகப் பாதி ஆழம் வரை இறுக்கித் திணித்து, மீதிப் பாதியில் காய்ந்தாலும் விறைக்காத பாலியூரித்தேன் சீலண்டை நிரப்புங்கள். சாக்கெட் உள்ளே காய்ந்து சுத்தமாக இருந்தால்தான் அது பிடிக்கும். வேறு வழியே இல்லாமல் சிமெண்ட்தான் என்றால், குறைந்தபட்சம் பி.வி.சி. முனையில் சால்வெண்ட் சொல்யூஷனைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மணலைத் தூவிக் காயவிடுங்கள். சொரசொரப்பாகிவிடும், சிமெண்டுக்குப் பிடிப்பு கிடைக்கும். இதையும் வாய் மேல்நோக்கி நிற்கும் சாக்கெட்டில் மட்டும், பி.வி.சி.யின் நீளல் அங்கே வந்து சேராதபடி பக்கத்திலேயே பைப் நகர இடம்கொடுக்கும் ஒரு ரப்பர் ரிங் இணைப்பு வைத்துவிட்டுத்தான் செய்யவேண்டும். படுத்திருக்கும் சாக்கெட்டில் ஒருபோதும் வேண்டாம்.

எந்த முறையானாலும், தண்ணீர் போகும் திசையில்தான் ஒன்று மற்றொன்றுக்குள் நுழையவேண்டும். மேலிருந்து வரும் பைப்பின் முனை, கீழே உள்ளதன் சாக்கெட்டுக்குள்.

நிலைக்குழாயின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு பி.வி.சி.யைச் செருகிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள், குறிப்பாக வாஷ் பேசின் தண்ணீருக்கு. இதை முழுமூச்சாகத் தடுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் துணி, தலைமுடி, நாப்கின் எல்லாம் மாட்டி அடைக்கும். ஓட்டையிலிருந்து விரிசலும் கிளம்பும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் டாய்லெட் கழிவுக்கு ஒரு குழாய், குளியல், சமையலறைத் தண்ணீருக்கு இன்னொரு குழாய் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். தண்ணீர்க் குழாய் கீழே கல்லி ட்ராப்பில் விழும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்த ட்ராப்பில் நிற்கும் தண்ணீர். அதை நம்பி மேலே வீடுகளில் ஒழுங்கான ட்ராப் வைக்காமலே விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பேசின் பைப்பைக் கொண்டுபோய்ச் சாயில் லைனில் சேர்த்தால், சாக்கடைக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் எதுவுமே இல்லை. நாற்றமும் கரப்பானும் வரும். ஷாஃப்ட்டில் இரண்டு பைப் இறங்கினால், எது எது என்று கீழே சேம்பர், அதாவது சாக்கடைத் தொட்டி, வரை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சாயிலில் சாயில் மட்டும் சேரட்டும். தரைத் தண்ணீருக்கு 50 மி.மீ. தண்ணீர் நிற்கும் ட்ராப் வைத்து, அதைக் குளியல், சமையலறைத் தண்ணீர் போகும் வேஸ்ட் லைனில் விடுங்கள்.

உள்ளே கிளைக்குழாயின் சரிவைப் பற்றி. பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டியது. புது டூயல் ஃப்ளஷ்ஷில் பெரிய பொத்தானுக்கு 6, சின்னதுக்கு 3. அந்த 10 லிட்டர் எதையும் அடித்துக்கொண்டு போகும், சரிவு சரியில்லாவிட்டாலும் சமாளித்தது. 6 லிட்டர் சமாளிக்காது. மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சரிவு கொடுங்கள், வளைவுகளைக் குறையுங்கள், படுக்கையாக ஓடும் இடத்தில் பி.வி.சி. முனையும் சி.ஐ. முனையும் சேரும்போது அடிப்பகுதி ஒரே மட்டமாக இருக்கட்டும். அங்கே 3 மி.மீ. படி இருந்தாலும் காகிதம் தங்கும். நிலைக்குழாயில் சேரும் டீ, வாய் கீழ்நோக்கி வளைந்த வகையாக இருந்தால் நல்லது. எதிர்வீட்டு டாய்லெட் அதே மட்டத்தில் நேரெதிரே சேர்ந்தால் ஒருவர் ஃப்ளஷ் இன்னொருவர் கிளைக்குள் ஏறும், ஆகவே உங்களுடையதைக் கொஞ்சம் மேலே ஏற்றியோ இறக்கியோ வையுங்கள்.

பி.வி.சி.யில் ஒட்டும் வகை, ரப்பர் ரிங் வகை என்று இரண்டு உண்டு. ஷாஃப்ட்டில் வெயில் படும் நீளத்தில் ஓர் இணைப்பாவது ரிங் வகையாக இருக்கவேண்டும். பைப் முனையைச் சாய்வாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் அல்லது அதற்கென்று விற்கும் லூப்ரிகண்ட் தடவி, முழுக்க உள்ளே தள்ளி, ஒரு கோடு போட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்துவிடுங்கள். பைப் நீளுவதற்கு உரிய இடம் அது. கிரீஸ், எண்ணெய் எதையும் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். படுத்த பைப்புக்கு மீட்டருக்கு ஒரு கிளிப், நிற்கும் பைப்புக்கு 2 மீட்டருக்குள் ஒன்று. சுவரைத் துளைக்கும் இடத்தில் பைப்பைச் சிமெண்ட் வைத்து இறுக்கிக் கட்டாமல், 160 பைப்பில் ஒரு துண்டை உறையாக வைத்து அதற்குள் விட்டு, இடைவெளியைச் சீலண்டால் மூடுங்கள்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சோதனை. கிளைக்குழாயை நிலைக்குழாய்க்கு முன்பாக அடைத்து, தண்ணீர் நிரப்பி, அரை மணி நேரம் மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். நிலைக்குழாய் முழுவதையும் நிரப்பிச் சோதிக்க வேண்டாம், அந்த அழுத்தத்தைக் கீழே உள்ள பழைய இணைப்புகள் தாங்காது. கப்ளிங்குகளுக்கு வேறு வழி இருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் கீழே பைப்பைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டிவிட்டு, மேலிருந்து ஏழெட்டு வாளி தண்ணீரை வேகமாக ஊற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலையிலும் தாள் மொடமொடவென்று இருந்தால் சரி. ஒரு வெயில் காலம் போன பிறகு இன்னொரு முறை பட்டைகளை இறுக்கிப் பார்ப்பது நல்லது, ரப்பர் முதல் வருடத்தில் கொஞ்சம் படியும்.

டோரின் ஸ்க்ரூக்கள் கைக்கு எட்டும் பக்கம் பார்த்திருக்கிறதா, அதை மறைத்து யாரும் ஏ.சி. அவுட்டோர் யூனிட் மாட்டவில்லையே என்று பாருங்கள். வெயில் படும் பி.வி.சி.க்கு வெளிர் நிற எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட் போதும், எதிர்காலத்தில் நொறுங்காமல் இருக்கும். மொட்டைமாடிக் கவுலை நாற்றம் வருகிறது என்று யாரும் மூடிவிடக் கூடாது. அதை மூடினால் மேலிருந்து விழும் தண்ணீர் உங்கள் ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும்.

வேலை முடிந்ததும் வெட்டிய துரு, காறை, சிமெண்ட் துண்டுகள் கீழே சேம்பரில் போய்த் தங்கியிருக்கும். அதை நீண்ட கொக்கியாலோ, இயந்திரத்தாலோ எடுக்கச் சொல்லுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அதற்குப் பிறகும் இறந்துகொண்டிருக்கிறார்கள். பிளம்பரோடு பேரம் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசி, எப்படி எடுப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையைக் கொடுங்கள்.